ஏன் ரொறன்ரோ இல்லை

கொலோனுக்குப் போன ரயில் சோலிங்கனைத் தாண்டியதும் என் கணவர் ரூபன் நேர்முக அதிகாரியாக மாறினார். எதிர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, போடாத மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“மதாம் சுபானி, உங்கடை புருசன்ரை தமையன் ரொறன்ரோவில. தமக்கை ரொறன்ரோவில. சித்தப்பா குடும்பம் ரொறன்ரோவில. பிறகேன் நீங்கள் மொன்றியலுக்குப் போறியள்?”

“நான் பிரெஞ்சு படிச்சனான். அங்கை மருந்துக் கம்பனியள் கன இருக்கு. என்ரை கெமிஸ்ட்ரிக்கு வேலை கிடைக்கும்.”

“அது சரி. புருசன் என்ன செய்வார்?”

“அவரும் பிரெஞ்சு படிப்பார்.”

“ஐயோ பாவம்,” என்றார் அதிகாரி. பிறகு ரூபனாகிச் சிரித்தார். “நிலத்தைப் பாக்காமல் சொல்லும். நிலத்தைப் பாத்தீரெண்டால் பொய்யெண்டு பிடிச்சிடுவினம்.”

நான் எதையும் நிலத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். உண்மையையும் அப்படித்தான்.

கனடாவின் பொது வரிசையில் விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் மட்டும் தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே தெரிவு செய்தது. பிரெஞ்சு தெரிந்து, ஒரு பட்டமும் இருந்தால் அங்கே காத்திருக்கும் காலம் குறைவு. ஆனால் ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, கியூபெக்கில்தான் வாழப்போகிறோம் என்று அவரை நம்பவைக்க வேண்டும். அவர் நம்பினால் அங்கேயே சான்றிதழ் தருவார். நம்பாவிட்டால் கதை முடிந்தது. கனடாவில் இறங்கிய பிறகு எந்த ஊரில் இருந்தாலும் யாரும் பிடித்து நிறுத்த முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர் ரூபனின் தமையன் நித்தியானந்தன் அண்ணை. திட்டமும் அவருடையதுதான். நாங்கள் மொன்றியலில் இறங்குவோம். ஓர் இரவு யாராவது தெரிந்தவர் வீட்டில் படுப்போம். விடிய அண்ணை தன் வான் வண்டியில் வந்து எங்களை ரொறன்ரோவின் ஸ்காபுறோவுக்கு ஏற்றிக்கொண்டு போவார். அங்கே அவருடைய வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற் எங்களுக்காகக் காத்திருந்தது. அதில் இருந்த வாடகைக்காரரை அனுப்பிவிட்டு, வேலை முடிந்துவந்த மாலைகளில் எங்கள் சமையலுக்குத் தன் கையாலேயே புதிய குசினி கட்டியிருந்தார்.

“மொன்றியல் நல்ல ஊர்தான் பிள்ளை,” என்று ரெலிபோனில் எனக்குச் சொல்வார். “பாக்க வடிவு. ஆனால் பல்லு வலிச்சால் ஆருக்குச் சொல்லுவாய்? இஞ்சை பல்லு டொக்டரும் தமிழ். வங்கியில இருக்கிற பெட்டையும் தமிழ். வாசலில பனி வழிக்கிறவனும் தமிழ். அங்கை பஸ்காரன் ஏசினாலும் பிரெஞ்சிலதான் ஏசுவான். ஏச்சு விளங்காட்டி என்ன சீவியம் அது?”

நான் ஓம் அண்ணை என்பேன். அவரோடு அதற்கு மேல் நான் பேசியதில்லை.

இரண்டு ஊர்களையும் நான் பார்த்திருந்தேன். முந்திய ஆண்டுக் கோடை விடுமுறையில், அண்ணையின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் போனோம். ஸ்காபுறோவில் அந்தப் பேஸ்மென்றில்தான் படுத்தோம். எல்லா இடத்துக்கும் எங்களைக் காரில் கொண்டுபோனார்கள். எங்கே போவதென்றாலும் பின்னிருக்கையில் நான் நடுவில் இருந்தேன். கடைகளில் தமிழில் பெயர்ப்பலகை. மரக்கறிக் கடைக்காரர் நான் யாருடைய மருமகள் என்று கேட்டார். புடைவைக் கடைக்காரி ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்டாள். கேட்டவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள்.

பேஸ்மென்றுக்குத் தனிவாசல் உண்டு என்று அண்ணை பெருமையாகச் சொல்வார். உண்மைதான். ஆனால் அந்த வீட்டின் வோஷிங் மெஷினும் கீழேதான் இருந்தது. விடியவே அண்ணையின் மனைவி ஞானமலர் அக்கா உடுப்புக் கூடையோடு இறங்கி வருவார். பிறகு மகள் வருவாள். பிறகு அண்ணை சப்பாத்து தேடி வருவார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோலக் கிடப்பேன். “எழும்பாதை பிள்ளை, நீ படு, படு,” என்பார் அக்கா. உள்படியின் மேலே கதவு இருந்தது. அதற்குப் பூட்டு இல்லை.

ஆனால் அங்கேதான் ரூபன் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டேன். ஜேர்மனியில் நாங்கள் இருந்த வுப்பர்டாலில் அவர் சிரிப்பது வேறு மாதிரி. சத்தம் வராது. அங்கே மேல்மாடியில் தமையனோடு சீட்டாடிக்கொண்டு அவர் சிரித்தது கீழே எனக்குக் கேட்டது. யாரோ புதிய ஆள் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தப் பயணத்திலேயே ஒருநாள் மொன்றியலுக்கு அண்ணையின் வான் வண்டியில் போனோம். கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வரும் வழியில் டயர் காற்றுப் போனது. ஆண்கள் டயரைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் நிழலில் இருந்து வடை சாப்பிட்டார்கள். நான் தெருமுனைவரை போய்வருகிறேன் என்று சொல்லி நடந்தேன்.

அந்தத் தெருவில் படிக்கட்டுகள் வீடுகளுக்கு வெளியே இருந்தன. இரும்புப் படிகள், வளைந்து வளைந்து மேல்மாடிகளுக்கு ஏறின. கீழ்வீட்டுக்கு ஒரு கதவு, மேல்வீட்டுக்கு ஒரு கதவு. எல்லாக் கதவும் தெருவைப் பார்த்தன. ஒரு பெண் லீக்ஸ் தாள் வெளியே தெரிந்த மரக்கறிப் பையோடு படியேறினாள். திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் கீழே நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்துபோனவர்களில் ஒரு கறுப்பு மனிதரும், தொப்பி போட்ட ஒரு யூதச் சிறுவனும், இரண்டு வியட்நாமியக் கிழவிகளும் இருந்தார்கள். ஒருவரும் நான் யாருடைய மருமகள் என்று கேட்கவில்லை.

“இந்தப் படியில பனிக்காலத்தில ஏறுறவனுக்கு மண்டை பிழை,” என்றார் அண்ணை, வான் மறுபடி புறப்பட்டபோது. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் நாலு வயதில் ஜேர்மனிக்கு வந்தவள். அகதிகள் விடுதியில் ஒரே அறையில் வளர்ந்தேன். குளிக்கப் போனால் வரிசையில் நின்ற அத்தனை குடும்பத்துக்கும் தெரியும். இப்போது எங்களுக்கு இரண்டு அறை வீடு. அம்மாவும் அப்பாவும் கீழ்மாடியில். எங்கள் வீட்டுத் திறப்பு அவர்களிடமும் ஒன்று உண்டு.

ரூபன் பொய் என்று நினைத்துச் சொல்லித்தந்த பதில் எனக்கு உண்மையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. ஒவ்வொரு நாளும் குசினியின் புதுப் படம் ஒன்று ஸ்காபுறோவிலிருந்து வந்தது.

*

நேர்முகம் கொலோனில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில். நடைபாதையில் வரிசையாகக் கதிரைகள். ஒரு மொரோக்கோக் குடும்பம் எங்களுக்கு முன் உள்ளே போய், சீக்கிரமே வெளியே வந்தது. மனைவி அழவில்லை. கணவர் விண்ணப்பக் கோப்பை மூட முயன்றுகொண்டே இருந்தார், அது மூடவில்லை.

ரூபன் என் காதில் சொன்னார்: “நாங்கள் அவையளைவிடக் கூடப் பத்திரங்கள் கொண்டுவந்திருக்கிறம். பயப்பிடாதையும்.”

பதினாறு வயதில் தனியாக ஜேர்மனிக்கு வந்து, அகதி விசாரணைக்குப் போனவர் அவர். கையில் ஒன்றும் இல்லாமல் போய் முதல்முறை நிராகரிக்கப்பட்டார். படங்களும் உறவினரின் அத்தாட்சிகளுமாகப் போன மற்றப் பொடியன்களுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொண்டுபோவார். நூலகத்தில் அட்டை எடுக்கப் போனபோதும் எங்கள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார்.

உள்ளே இருந்த அதிகாரியின் பெயர் மதாம் ரிவார். நரைத்த குட்டை முடி. மேசையில் ஒரு சிறிய அச்சு இயந்திரம், தண்ணீர்ப் போத்தல், எங்கள் கோப்பு. வணக்கம் சொன்ன பிறகு எல்லாம் பிரெஞ்சில்தான்.

தொடக்கம் நன்றாகப் போனது. என் பட்டத்தைப் பற்றிக் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் நான் செய்த வேலையைக் கேட்டார். வேதியியலைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டியிருப்பதில்லை. ரூபனிடம் ஒரு கேள்வி கேட்டார். வேலைக்கு ஓட்டும் லாறியில் பிரெஞ்சுப் பாடக் குறுந்தட்டுப் போட்டுப் பாடமாக்கிய வசனத்தை ரூபன் சொன்னார்: எனக்குப் பிரெஞ்சு படிக்க விருப்பம். மதாம் ரிவார் சற்றுப் புன்னகைத்தார்.

“கனடாவில் உங்கள் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா?”

நான் வாய்திறக்கும் முன் ரூபன் முந்திக்கொண்டார். கேள்வியில் ‘கனடா’ அவருக்கு விளங்கியது. ‘குடும்பம்’ என்ற சொல்லும் விளங்கியது. முகம் மலர, கோட்டின் உட்பையிலிருந்து ஒரு கட்டுப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

அவர் அவற்றைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது.

அண்ணை கட்டிய குசினி. புது அடுப்பு. குளியலறையின் நீலச் சதுரக் கற்கள். கடைசிப் படத்தில் பேஸ்மென்ற் படிக்கட்டின் கீழே அண்ணையும் ஞானமலர் அக்காவும் மகளும் நின்றார்கள். மகளின் கையில் ஒரு அட்டை. ‘வெல்கம் ஹோம் சித்தப்பா, சித்தி’ என்று பெரிய எழுத்தில், சுற்றிலும் இதயங்கள்.

மதாம் ரிவார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“இது மொன்றியலா?”

ரூபனுக்கு மொன்றியல் என்ற சொல் மட்டும் கேட்டது. அதிகாரி ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார், திருத்த வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். “இல்லை, இல்லை,” என்று டொச்சில், ஜேர்மன் மொழியில், சொன்னார். “ரொறன்ரோ. என் அண்ணனின் வீடு. மிக நல்ல வீடு.”

மதாம் ரிவார் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பைச் சமப்படுத்தி, எங்கள் பக்கம் தள்ளினார். அவர் அதைக் கோபமில்லாமல் செய்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. பேனாவை மூடினார்.

“மதாம், நான் இந்தக் கிழமை முழுவதும் ஒரே கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் மொன்றியலை நேசிக்கிறார்கள். எல்லாருடைய கட்டிலும் ரொறன்ரோவில் விரித்திருக்கிறது. உங்களுக்காக ஒரு வீடு ஆயத்தமாக இருக்கிறது. குடும்பம் இருக்கிறது. மொழி இருக்கிறது. உங்கள் கணவருக்கு வேலைகூட இருக்கும். சொல்லுங்கள். ஏன் ரொறன்ரோ இல்லை?”

ரூபன் என்னைப் பார்த்தார். முகத்தில் இன்னும் பாதிப் புன்னகை இருந்தது. ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது, என்ன என்று தெரியவில்லை. மேசைக்குக் கீழே என் கையைத் தொட்டார்.

பாடமாக்கிய பதில் எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. மருந்துக் கம்பனிகள். பல்கலைக்கழகங்கள். குறைந்த வாடகை. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் சான்றிதழுக்காக அச்சு இயந்திரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

நான் மேலேயிருந்த படத்தை எடுத்து, படிக்கட்டின் மேற்பக்கத்தில் விரலை வைத்தேன்.

“இந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை,” என்றேன்.

அவர் காத்திருந்தார்.

வோஷிங் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அக்காவின் உடுப்புக் கூடையைப் பற்றிச் சொன்னேன். விடுதியைப் பற்றி, குளியலறை வரிசையைப் பற்றி, அம்மாவிடம் இருக்கும் திறப்பைப் பற்றிச் சொன்னேன். இவர்கள் நல்லவர்கள் மதாம், அந்தக் குசினியை என் கணவரின் அண்ணன் தன் கையால் கட்டினார், அதனால்தான் என்னால் முடியாது, அங்கே போனால் நான் ஒருநாளும் வெளியே வரமாட்டேன் என்றேன். மொன்றியலில் டயர் காற்றுப்போன தெருவைப் பற்றிச் சொன்னேன். பிரெஞ்சில் ‘படிக்கட்டு’ என்ற சொல்லில் தடுமாறினேன், கையால் வளைத்துக் காட்டினேன். லீக்ஸோடு ஏறிய பெண்ணைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அந்தக் கதவு வேண்டும் என்றேன். பனிக்காலத்தில் படி வழுக்கும் என்று தெரியும் என்றேன்.

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. என் வாழ்நாளில் நான் ஒருவரிடம் அவ்வளவு பேசியதில்லை. முழுவதையும் அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னேன் என்பது முடித்த பிறகுதான் உறைத்தது.

மதாம் ரிவார் ரூபனைப் பார்த்தார். ரூபன் தலையசைத்தார், நான் சொன்னது முழுவதுக்கும் தானும் சாட்சி என்பதுபோல.

“உங்கள் கணவர் மொன்றியலில் என்ன செய்வார்? அவருக்கு அங்கே யாரும் இல்லை.”

“தெரியாது,” என்றேன். அதுவும் உண்மை.

“நீங்கள் இப்போது எனக்குச் சொன்னது அவருக்குத் தெரியுமா?”

இல்லை என்றால் எல்லாம் போய்விடலாம். ஆம் என்றால் அவர் டொச்சில் ரூபனிடமே கேட்டுவிடலாம்.

“இன்றைக்குத் தெரியவரும்,” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணினியில் ஏதோ தட்டினார். அச்சு இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

*

ஹோட்டல் வாசலிலேயே ரூபன் அண்ணைக்கு ரெலிபோன் அடித்துவிட்டார். அங்கே இன்னும் விடியவில்லை. அண்ணை முழித்திருந்தார். “கிடைச்சிட்டுது!” என்று ரூபன் கத்தியதில் சுழற்கதவில் வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். கைத்தொலைபேசிக்குள் இருந்து பல குரல்கள் ஒன்றாகக் கூவின. நான் சான்றிதழ் இருந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரயில் மேடையில் எங்களுக்கு உட்கார ஒரு மரவாங்கு கிடைத்தது. ரூபன் இரண்டு கோப்பி வாங்கி வந்தார். உட்காரவில்லை.

“படத்தைப் பாத்தவுடனை அவாவின்ரை முகம் மாறினது. கண்டனீரோ? நான் செத்துப்போனன். பிறகு நீர் தொடங்கினீர் பாரும்! உமக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது. என்ன சொன்னனீர்? அந்தப் படத்திலை விரலை வைச்சுக்கொண்டு என்ன சொன்னனீர்?”

“அந்த வீட்டிலை நான் இருக்கமாட்டன் எண்டு சொன்னனான்.”

அவர் தொடையில் தட்டினார். “அச்சா! அங்கையே பிடிச்சீர். அண்ணைக்குச் சொல்லவேணும். விழுந்து விழுந்து சிரிப்பார்.”

“ரூபன்.”

“ம்?”

“நான் பொய் சொல்லேல்லை.”

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு சிரிப்பு முகத்தில் நின்றுவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கோப்பியைப் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். தமிழில் அது குறைவாகவே வந்தது. பிரெஞ்சில் வந்த பாதி வசனங்களுக்கு என்னிடம் தமிழ் இருக்கவில்லை. பூட்டு, கூடை, படி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

எங்கள் ரயில் வந்து, ஆட்கள் ஏறி, போனது. நாங்கள் ஏறவில்லை.

“பூட்டுத்தானே,” என்றார் ரூபன் கடைசியில். “அண்ணையிட்டைச் சொன்னால் நாளைக்கே போடுவார்.”

“போடுவார். பிறகு உடுப்பு எங்கை தோய்க்கிறது?”

அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு அங்கை ஆர் இருக்கினம்?” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “இஞ்சை வந்தபோது ஒரு வருசம் வாய் திறக்காமல் இருந்தனான் சுபா. கடையில பாலைத் தொட்டுக் காட்டி வாங்கினனான். திரும்பவும் அப்பிடி இருக்கச் சொல்லுறீரோ?”

மேல்மாடியில் கேட்ட அந்தச் சிரிப்பு எனக்கு நினைவு வந்தது. “இல்லை,” என்றேன்.

“முதல் எனக்குச் சொல்லியிருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஒரு மனிசிக்குச் சொன்னனீர். எனக்கு முன்னாலை இருந்து சொன்னனீர். நான் விசரன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தனான்.”

“ஓம்,” என்றேன். “நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் சொன்னனான். நீங்கள் அதைப் பொய்யெண்டு நினைச்சுக் கேட்டனீங்கள்.”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களுக்கிடையில் ஓர் ஆள் இருக்க இடம் இருந்தது. அந்த இடத்தில் உறையை வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

கைத்தொலைபேசி அடித்தது. திரையில் ‘அண்ணை’ என்று இருந்தது. அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. ரூபன் எடுத்துக் காதில் வைத்தார். எனக்கும் கேட்டது.

“தம்பி, அக்கா கேக்கிறா, குசினிச் சுவருக்கு மஞ்சளோ பச்சையோ? இண்டைக்குக் கடைக்குப் போறம். சுபாவுக்கு எது விருப்பமெண்டு கேள்.”

ரூபன் என்னைப் பார்த்தார். கையை நீட்டி, அந்த இடைவெளிக்கு மேலாகத் தொலைபேசியை என்னிடம் தந்தார்.

“நீரே சொல்லும்.”

அது சூடாக இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். மேடையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்.

“அண்ணை, சுவருக்கு ஒண்டும் அடிக்காதேங்கோ. நாங்கள் மொன்றியலிலதான் இருக்கப்போறம்.”

அண்ணை குரலைத் தாழ்த்தி, கள்ளமாகச் சிரித்தார்.

“ஓ… ஓபீசர் பக்கத்தில நிக்கிறாவோ? கெட்டிக்காரி! சொல்லு, சொல்லு, அவாவுக்குக் கேக்கச் சத்தமாச் சொல்லு.”

நான் தலையை நிமிர்த்தினேன். ரூபன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கை உறையின் ஓரத்தில் இருந்தது, காற்றில் பறக்காமல் பிடித்ததுபோல.

“இல்லை அண்ணை,” என்றேன். “பக்கத்தில ஒருத்தரும் இல்லை. இவர் மட்டும்தான் இருக்கிறார்.”